ஆத்தாவுக்குப் பசிக்கும் மாதம்

தண்ணீரோ, சூப்போ, என் வீட்டுச் சோளக் கள்ளோ, குவளை உதட்டுக்குப் போகும் முன் சிப்ரியானாவின் கை தவறிவிடும். இரண்டு சொட்டு மண்ணில் விழும். "சனியன் புடிச்ச கை, நடுங்கிக்கிட்டே கெடக்கு" என்று அலுத்துக்கொண்டு மீதியைக் குடிப்பாள். அதே கை ஊசியில் நூல் கோக்கும்போது நடுங்கி நான் பார்த்ததில்லை. இருபது வருடமாக நான் பக்கத்து வீட்டுக்காரி.

இந்த நடுக்கம் அவள் கணவர் மெலிட்டோன் புதுச் சபையில் சேர்ந்த பிறகு வந்தது. அங்கே மண்ணைக் கும்பிடக் கூடாது.

"நீ யாருக்கு ஊத்துறேன்னு எனக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சா சும்மா இரு, மனுஷா. நீ திங்கிற கெழங்கு சபையிலயா வெளையுது?"

விதைக்கிழங்கு பொறுக்கும்போது ஒவ்வொன்றோடும் பேசுவாள். சொத்தைக்கிழங்கைக்கூட "போயிட்டு வா, கண்ணு" என்றுதான் ஒதுக்குவாள்.

எங்கள் மலையில் விதைப்புக்கு முன், ஆகஸ்டில், பூமித்தாய் பசித்து வாய் திறப்பாள். கம்பளிக்கு வளர்க்கும் லாமா விலங்கின் கொழுப்பு, சோளம், மிட்டாய், கிழியாத கோக்கா இலை எல்லாம் பொட்டலமாகக் கட்டி வயலில் எரித்து அவளுக்கு ஊட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெலிட்டோன் ஜெபத்துக்குப் போனதும் இவள் மேட்டு வயலுக்கு ஏறிவிடுவாள். மூன்று வருடம் முன்பு அவள் காய்ச்சலில் படுத்ததால் அது விட்டுப்போனது. அந்த முறை உறைபனி பயிரை வேரோடு கருக்கியது. மூன்று மாதம் அவர்கள் வீட்டில் வெறும் பார்லிக் கஞ்சிதான். "ஆத்தா கோவக்காரி இல்ல, பசிக்காரி" என்பாள்.

இந்த வருடம் ஆற்றில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஆகஸ்டின் கடைசி ஞாயிறன்று பொட்டலத்தைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் கொண்டுபோகிறேன் என்றேன்.

"வேற வீட்டுக் கையால ஊட்டினா ஆத்தா வேற வீட்டு வயலைத்தான் பாப்பா."

அப்போது மெலிட்டோன் கோட்டு போட்டு, வேதப் புத்தகத்தோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்தார். பாவாடை மடிப்பையும் பார்த்தார். புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டு அவள் முன் குந்தினார்.

"ஏறு."

"சபைக்காரங்க பாத்தா?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேம்பேன்."

"ஆஸ்பத்திரி கீழல்ல இருக்கு!"

"வாயை மூடிட்டு ஏறுடி."

மூச்சிரைக்க முதுகில் சுமந்து ஏறினார். சபைக்காரர் இருவர் எதிரே வந்தார்கள். அவர் நிற்கவில்லை. வயலில் அவளை இறக்கிவிட்டு, பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

சிப்ரியானா தீ மூட்டி, பொட்டலத்திலிருந்து மூன்று இலைகளை எடுத்து விரல்களில் விரித்து, விளைச்சலுக்காக வேண்டி ஊதித் தீயில் வைத்தாள். பிறகு இன்னும் மூன்று எடுத்தாள். அவற்றை நெடுநேரம் உதட்டருகே வைத்திருந்து, "மெலிட்டோன்" என்று சொல்லி ஊதினாள்.

மெலிட்டோன் திரும்பவில்லை. அப்படியே நின்று, தொப்பியை மட்டும் கழற்றிக்கொண்டார்.