சுவரில் ஒரு ஓட்டை

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரரை எல்லோரும் எடைக்காரர் என்றுதான் சொல்வோம். லாரி எடைமேடையில் வேலை. லாரி ஏறி நின்றதும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து மைக்கில் எடையைச் சொல்வார். அதிகம் என்றால் அதிகம்தான். ஓட்டுநர் கெஞ்சினாலும் கத்தினாலும் குரல் மாறாது. ஆளின் முகத்தைப் பார்க்கவே மாட்டார், மீட்டரைத்தான் பார்ப்பார். அந்த வேலைக்கு நல்ல குணம். வீட்டுக்கு ஆகாது என்பது என் கட்சி.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் முன்னறைக் கடல்நீர்த் தொட்டி. உள்ளே பவளங்கள், பேருக்கு இரண்டு மீன். தொட்டிக்குக் கீழே ஸ்கிம்மர் என்றொரு கருவி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அறைக்காற்றை இழுத்து, தண்ணீரில் பொடிக் குமிழாகக் கலந்து, அழுக்கை நுரையாக மேலே தள்ளும். பக்கத்தில் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் ஒரு பி.எச். மீட்டர். எண் எட்டுக்கு மேல் நின்றால் பவளம் வளரும், இறங்கினால் சுணங்கும். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவார். "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பாரா?" என்பார் அவர் மனைவி.

கணவனோடு ஒத்துவராமல் மகள் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எடைக்காரர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு முன்னறைத் தரையில் படுத்துக்கொண்டார். சின்னவளுக்கு இளைப்பு, தெருத்தூசி ஆகாது. அதனால் ஜன்னல்களைச் சாத்தி, ஏசியை ஓடவிட்டார்கள். வீடு கலகலப்பானது. மீட்டர் மட்டும் இறங்கத் தொடங்கியது.

தண்ணீரை மாற்றினார். உப்பை மாற்றினார். மீட்டர் மேலேயே சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கினார், அதுவும் அதையேதான் சொன்னது. கடைசியில் தொட்டிச் சாமான் விற்கும் கடைக்காரரிடம் போய் நின்றார்.

"வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சாத்தின வீட்ல எல்லாரும் மூச்சு விட்டா கரியமில வாயு சேரும். ஸ்கிம்மர் அந்தக் காத்தத்தான இழுத்துத் தண்ணில கலக்குது? அப்புறம் பி.எச். இறங்காம என்ன செய்யும்? சுவத்துல ஒரு ஓட்டை போட்டு, ஸ்கிம்மரோட காத்துக் குழாய வெளிய நீட்டிடுங்க. நல்ல காத்தா இழுக்கட்டும். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது அப்போதுதான் பெயின்ட் அடித்த சுவர். "அதுல கை வெச்சுப் பாருங்க, தெரியும் சேதி," என்றார் மனைவி. இழுபறியில் நாள் ஓடியது. பவளம் வளர்வதை நிறுத்திக்கொண்டது.

ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்படி என்னதான் கேடு அந்தத் தொட்டிக்கு?" என்று மனைவி கேட்டார்.

எடைக்காரர் மீட்டரைப் பார்த்தபடியே, கூண்டுக்குள்ளிருந்து சொல்வதுபோலச் சொன்னார். "நாம ரெண்டு பேரு இருந்தப்ப சரியா இருந்துச்சு. இப்ப அஞ்சு பேரு மூச்சு விடுறோம். வீடு தாங்கல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. இதெல்லாம் பிற்பாடு அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனுஷர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

மகள் சண்டை போடவில்லை. தான் வேலைபார்க்கும் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துவிட்டாள். "கடைக்குக் கிட்டப்பா, வசதியா இருக்கும்," என்றாள். அவரும் நம்பினார். கூடவே போய்ப் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார்.

ஜன்னல்கள் மறுபடி திறந்தன. மீட்டர் ஏறி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. "இங்க வந்து பாரேன், தானா சரியாயிடுச்சு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி அடுப்படியை விட்டு நகரவில்லை. "ஆகாம என்ன? மூணு பேரோட மூச்சு குறைஞ்சிருக்கே. பெத்த பொண்ண வெச்சுக்கிட்டே வீடு தாங்கலன்னீங்க. அன்னிக்கு ராத்திரி பூரா அவ அழுதது தெரியுமா உங்களுக்கு?"

எடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இனி அவள் வரவே மாட்டாளோ என்று பயமாகவும் இருந்தது. உடனே போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்த மாதிரிப் பேச்சு அவருக்கு வராது. எடைமேடை ஃபிட்டரிடம் டிரில் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, சுவரில் பென்சிலால் குறி போட்டார். மனைவி வந்து நின்றதும் அவர் கை நின்றது.

"அங்க வேணாம், தெருப்பக்கம். வண்டிப் புகையெல்லாம் உள்ள வரும்," என்றார் மனைவி. "சந்துப் பக்கமாப் போடுங்க." தூள் விழாமலிருக்கக் கீழே பழைய துணியையும் அவரே விரித்தார்.

சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனபோது சந்தில் குழாயின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் போகாதபடி அதைக் கீழ்நோக்கி வளைத்து, பூச்சி நுழையாதபடி கொசுவலைத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தொட்டிதான் சரியாயிடுச்சாமே, இப்ப எதுக்கு சார் ஓட்டை?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

வலையை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போனார். நானும் வாசல் வரை போனேன். கையெல்லாம் சுவர்த்தூள் என்பதால் போனை மேஜையில் வைத்து, ஸ்பீக்கரில் மகளைக் கூப்பிட்டார்.

"குழாய வெளிய விட்டுட்டேம்மா. இனிமே வெளிக்காத்தத்தான் இழுக்கும். எத்தனை பேரு வேணா இருக்கலாம்."

மகள், "இப்ப மீட்டர் எவ்வளவுப்பா காட்டுது?" என்றாள்.

மீட்டர் அவருக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"தெரியலம்மா, நான் பாக்கல," என்றார் எடைக்காரர். "நீ எப்ப வர்ற?"