பூ வைக்க வந்த நாளின் தலைவலி

திண்டுக்கல் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கும் இசைவாணிக்குத் தலைவலி சொல்லாமல் கொள்ளாமல் வராது. முதலில் இடது கண்ணோரம் ரம்பப்பல் போல ஒரு வெளிச்சம் நெளியும். பிறகு பார்க்கிற எதிலும் இடது பாதி காணாமல் போகும். பாதி முதலாளிக்கு வணக்கம் வைத்திருக்கிறாள். அடுத்து மூக்குக்கு உயிர் வந்துவிடும். தெருமுனை வீட்டில் தாளிப்பது இவளுக்குக் குமட்டும். கடைசியில் வலி. அப்போது சீப்பு பட்டால் முடிகூட வலிக்கும். முடிக்கு எங்காவது வலிக்குமா என்று கேட்காத ஆள் கிடையாது.

டாக்டர் மைக்ரேன் என்றார். அம்மா சிவனம்மாள் அந்தப் பேரை வீட்டுக்கு வெளியே விடவில்லை. "சீக்காளின்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?"

கட்ட வந்தவன் முகேஷ்குமார், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரன். போனில் பேசியதிலேயே அவனைப் பிடித்துப்போனது. இந்த இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அவளுக்குப் பயமாகவே இருந்தது.

பூ வைக்க வந்தார்கள். மற்றவர்கள் முழக்கணக்கில் கொண்டுவருவார்கள். இவர்கள் கூடைகூடையாக இறக்கினார்கள். வாசம் ஏறியது. கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது.

மாப்பிள்ளையை நேரே பார்த்தால் பாதி ஆள்தான் இருந்தான். சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்தால் முழுதாகத் தெரிந்தான். ஆகவே அவள் சுவரையே பார்த்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள்.

வலியும் தொடங்கியது. அவன் அம்மா கண்ணம்மாள் சரத்தை எடுத்துச் சூட்டியதும் இசைவாணி வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"இஷ்டமில்லைன்னா சொல்லிருங்க. எம்மகனை ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குது, பூவையும் தட்டுது," என்றாள் கண்ணம்மாள்.

"வெக்கம்," என்றாள் சிவனம்மாள்.

இசைவாணிக்கு அழுகை முட்டியது. "வெக்கமில்ல அத்தை, தலைவலி. செவத்தைப் பாத்தாத்தான் உங்க மகன் முழுசாத் தெரியுறாக. முடியெல்லாம் வலிக்குது. மல்லி வாசம் கொமட்டுது."

கண்ணம்மாள் சரத்தைத் தொடவில்லை. வைத்த பூவை எடுக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. "எங்க வீட்ல விடிஞ்சா அடைஞ்சா மல்லிதான் தாயி. எப்படிக் காலந்தள்ளுவ?"

நியாயமான கேள்விதான்.

"அதை நாங்க பாத்துக்கிறோம்மா," என்று எழுந்து வந்தான் முகேஷ்குமார். சரத்தை அவனே முடி இழுபடாமல் மெல்ல உருவினான்.

அதுவும் வலிக்கத்தான் செய்தது. அவள் சொல்லவில்லை.