லாபம் வந்த மாசம்

என் மகள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாள்களில் நான் குக்கர் வைப்பதில்லை. சோற்றை வடித்துவிடுவேன். முன்பு ஒரு தடவை அவள் வெளிநாட்டு அதிகாரியோடு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருக்கும்போது விசில் அடித்துவிட்டது. எல்லோருக்கும் கேட்டதாம். அவளுக்குக் கீழே வேலை செய்கிற பம்மல் பெண், "அம்மா, எத்தினி விசில் வெக்கணும்? நான் எண்ணிக்கினு இருக்கேன்" என்று சொல்ல, தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். அந்த அறைக்குள் நடப்பது எனக்குப் புரியாது. சத்தம் போடாமல் நடமாடுவதுதான் என் பங்கு என்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் எங்கள் கோவிலம்பாக்கம் வீட்டுக்கு அடிக்கடி வருவாள். என் மகள் அவளுக்கு ஆபீசில் மேடம், வீட்டில் அக்கா. என்னை வாம்மா, போம்மா என்றுதான் பேசுவாள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது தன் லீவைப் போட்டு வந்து சொட்டு மருந்து விட்டவள் அவள்தான்.

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அவர்கள் வேலை பார்க்கிற கம்பெனி தன் வரவையும் லாபத்தையும் ஊருக்கெல்லாம் சொல்லும். ரிசல்ட் என்பார்கள். பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி அந்த வாரம் என் மகளுக்குச் சோறு இறங்காது. போன தடவை நல்ல ரிசல்ட். அந்த ஞாயிற்றுக்கிழமை பம்மல் பெண் எவர்சில்வர் டப்பா நிறைய வஞ்சிர வறுவல் கொண்டுவந்தாள்.

"இன்னாக்கா, லாபம்னு பேப்பர்லயே போட்டுட்டான், நீ மட்டும் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு இருக்க?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடு."

"போனஸ் வந்ததும் பையனுக்குப் பல்லுல கம்பி போடணும்க்கா. டாக்டர் கிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள சொல்லிட்டியா?"

"பின்ன? இதுக்கு மேல பல்லு வெளிய வந்தா அவன் வூட்டுக்குள்ள வரதுக்கு முன்னாடி பல்லு வந்துடும்."

மகள் சிரிக்கவில்லை. தன் தட்டில் இருந்த மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயந்திரம் மகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். "நாளைக்கு அவளுக்கு வேலை இல்லன்னு நான்தான்மா சொல்லணும்."

"கம்பெனி நஷ்டமா?"

"லாபம்மா. போன வருஷத்தவிட ஜாஸ்தி."

"அப்புறம் ஏண்டி?"

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "முன்ன நாங்க கிரைண்டர் வித்தோம்னு வெச்சிக்கோ. வாங்கினவங்க வீட்ல அது ரிப்பேர் ஆனா பாக்கறதுக்கு ஆள் வெச்சிருந்தோம். இப்ப கிரைண்டர விக்கறதில்ல. அது எங்ககிட்டயே இருக்கும். மாசாமாசம் காசு கட்டி மாவு வாங்கிக்கோன்றோம். அதுலதான் நிறைய லாபம். ரிப்பேர் பாக்கறவங்க இனிமே வேணாம்."

"மாவாட்டக் கத்துக்குவாளே. கெட்டிக்காரி ஆச்சே."

"ஆட்டறதுக்கும் புதுசா மெஷின் வாங்கறாங்கம்மா. கோடிக்கணக்குல காசு வேணும். பங்கு வாங்கினவங்க இந்த லாபமே பத்தாதுன்றாங்க. அப்ப எதுல குறைப்பாங்க?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க."

தட்டு மாறிய மீன் எனக்கு ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அறைக்கதவு சாத்தியிருந்தது. அன்றைக்கு அவள் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை போல, அந்தப் பக்கத்துப் பேச்சும் வெளியே வந்தது. கம்பெனி எழுதிக் கொடுத்த இங்கிலீஷை மகள் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பது கேட்டது. என் மனசு என்னிடம் இல்லை. கை பாட்டுக்குப் பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றியிருக்கிறது.

விசில் அடித்தது.

வாசிப்பு நின்றது. அந்தப் பெண்ணின் குரல் தமிழில் கேட்டது. "அம்மா வூட்லதான் இருக்காங்களா?"

"ம்."

"அப்ப அம்மாவுக்கும் தெரியுமா? ஞாயித்துக்கிழம மீன் துண்ணும்போதே ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

அந்த கேமராவுக்கு முன்னால் நான் ஒரு நாளும் போய் நின்றவள் இல்லை. அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். போவதற்குள் அவள் முகம் போய் திரை கறுத்துக் கிடந்தது.

"அவ கம்ப்யூட்டருக்குக் கம்பெனில நேரம் குறிச்சி வெச்சிருப்பாங்கம்மா. தானா மூடிக்கும்" என்றாள் மகள். போன் செய்து பார்த்தாள். அவள் எடுக்கவில்லை.

அடுத்த நாள் டிவியில், ஆள்குறைப்புச் செய்தியால் அந்தக் கம்பெனியின் பங்கு ஏறியிருக்கிறது என்றார்கள். மகள் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

அந்த வறுவல் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். நாள் போகப் போக அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் அவளுக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பு வைத்து, என் தூக்கில் ஊற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் போய் அங்கிருந்து பம்மலுக்கு இன்னொரு ஆட்டோ பிடித்தேன். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. அவள் டப்பாவை வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அவள் பாத்திரம் இங்கே, என் பாத்திரம் அங்கே என்று இருந்தால் யாராவது ஒருத்தர் வந்துதானே ஆக வேண்டும்.

கதவைத் திறந்தது அவள் மாமியார். "நீதான் மேடத்தோட அம்மாவா? இன்னா, உம் பொண்ணுக்கு வேல கீதா?"

"இருக்குங்க."

"இருக்கும், இருக்கும். அனுப்பறதுக்கு ஆளு வேணுமில்ல."

"அத்தை, நீ சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டே அவள் வந்தாள். "உக்காருங்கம்மா" என்றாள். நாற்காலி போட்டாள். காபி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன். அது தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் என் மேல் இருக்கிற பழி போய்விடும். ஆனால் அது எங்கே போகும்? என் மகள் மேல் அல்லவா மொத்தமாகப் போய் நிற்கும். வெள்ளிக்கிழமையிலிருந்து அதைத் தனியாகச் சுமந்தவள் அவள். இந்த வீட்டிலும் அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. காபியைக் குடித்தேன்.

"பையன் பல்லு?" என்று கேட்டுவிட்டேன்.

"பார்க்கலாம்மா. இப்ப என்ன அவசரம்."

தூக்கை உள்ளே எடுத்துப் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழம்பைத் தன் பாத்திரத்தில் மாற்றி, தூக்கைக் கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கை சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள். "கையோட எடுத்துனு போயிடுங்கம்மா."

"உன் டப்பா எங்க வீட்டுல இருக்கும்மா. நீ வந்து..."

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தபோது மகள் கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த ரிசல்ட் வருகிறது. பேசி முடித்து வந்து, "என்னம்மா சொன்னா?" என்றாள்.

"நல்லா இருக்கா. காபி குடுத்தா."

அவள் தூக்கைத் திறந்து பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். அறைக்குப் போனாள்.

அந்தச் சர்க்கரையை எங்கள் சர்க்கரையோடு கொட்ட எனக்குக் கை வரவில்லை. அவள் டப்பாவை எடுத்து அதில் போட்டு மூடி வைத்தேன்.