முப்பத்தோராவது நோன்பு

என் மூத்த மகள் பிறந்த நாற்பது நாளுக்குள் ரம்ஜான் மாதம் முழுவதும் வந்துபோனது. பிள்ளை பெற்றவளுக்கு நோன்பு கிடையாது. விட்ட முப்பதையும் அடுத்த ரம்ஜானுக்குள் தனியாக வைத்து முடிக்க வேண்டும். பால் கொடுக்கிற தாய் அதையும் தள்ளிப்போடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரசவம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில். மூன்றாம் மாதம் ராஜபாளையத்துக்கு மாமியார் வீட்டுக்குத் திரும்பியபோது என் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. காலையில் கை மூடாது. பிள்ளையின் துணிக்கு ஊக்குக் குத்த முடியாது. என் கணவர் பேண்டேஜ் துணி மில்லுக்குப் போகுமுன் குத்திக் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளையை விரலால் பிடிக்க முடியாமல் விறகு அள்ளுவதுபோல் முழங்கை மடிப்பில் அள்ளுவேன். ஒருமுறை நழுவிப் பாயில் விழுந்தாள். அடி எதுவும் படவில்லை. அன்றிலிருந்து குளிப்பாட்டுவதை மாமியார் எடுத்துக்கொண்டார்.

என்னைப் பெற்ற அத்தா ஊரிலிருந்து வந்து அழைத்துப்போய்க் காட்டிய டாக்டர், முடக்குவாதம் என்று மாத்திரை எழுதினார். அது வயிற்றை எரித்தது. பால் வழியாகப் பிள்ளைக்குப் போகுமோ என்ற பயத்தில் பாதியைச் சாக்கடையில் போட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு ஒன்பது மாதம். தை மாதத்தில் பகல் சுருங்கியிருந்த சமயம், விட்ட நோன்பைத் தொடங்கினேன். விடியுமுன் சாப்பிட்டால் சூரியன் மறையும்வரை தண்ணீர்கூட இல்லை. மாமி தடுத்தார்.

"பால் குடிக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு இப்ப என்னத்துக்குட்டி நோன்பு? பொறவு வச்சுக்கிடலாம்ல. அல்லாவுக்குத் தெரியாதா உன் நெலமை?"

கடமையை நிலுவையில் வைக்க மனம் வரவில்லை என்றேன். அப்போது அது உண்மை.

பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில், யோசிக்காமலே ஊக்கைக் குத்தி முடித்திருந்தேன். குத்தியபிறகுதான் கையைப் பார்த்தேன். இன்னும் சில நாளில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தேன். பதினெட்டாம் நோன்போடு மாதவிடாய் வந்தது. ஐந்து நாள் நோன்பு இல்லை. ஐந்தாம் நாள் காலை கை திரும்பவும் மூடாமல் போனது. மறுபடி தொடங்கினேன், மறுபடி விரல்கள் இளகின. நோன்புதான் காரணமா, வியாதியே ஏறி இறங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்ததாக நினைத்தேன்.

பால் குறைந்ததும் தெரிந்தது. மதியத்துக்கு மேல் அவள் இழுத்துப் பார்த்துவிட்டு, கடித்து, வீறிட்டு அழுவாள். மாமி எருமைப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டுவார். அவள் பாதியைத் துப்பிவிடுவாள். அப்படியும் மாமி, அண்டை வீடுகளில் என் பக்தியைப் பெருமையாகத்தான் சொன்னார். கேட்கக் கூசியது. ஆனால் மறுக்கவில்லை.

முப்பது முடிந்தது. மறுநாளும் விடியுமுன் எழுந்து சாப்பிட்டேன்.

"நேத்தோட முடிஞ்சுச்சுல்ல?" என்றார் மாமி.

"இல்ல மாமி, எண்ணிக்கையில நாலு விட்டுப்போச்சு."

நோன்பு வாயால் சொன்ன பொய். நாலு எட்டானது. பிள்ளையின் அழுகை கேட்காதிருக்கக் கொல்லையில் போய்த் துணி துவைப்பேன். துவைக்கக் கை இருந்தது.

முப்பத்தெட்டாம் நோன்பன்று சாயங்காலம், நோன்பு திறக்கத் தண்ணீரை எடுத்தபோது மாமி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். இது அல்லாவுக்கு வைக்கிற நோன்பு இல்ல. யாருக்குட்டி வைக்கிற?"

தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை நீட்டினேன். மூடித் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையை விழாமல் தூக்க வேண்டும், அதற்காகத்தான் என்றேன். அவர் ஒவ்வொரு முட்டியாக அழுத்திப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் போல.

"அன்னிக்கே சொல்லியிருந்தா பிள்ளையைப் புட்டிக்குப் பழக்கியிருப்பேன்ல. இம்புட்டு நாளும் பச்சப்பிள்ளை பசியில கத்துச்சு. நீ கையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்க."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாளே புட்டி வந்தது. அம்மி, ஆட்டுக்கல், துணி என்று கை வேலையெல்லாம் என் பக்கம் வந்தது. நியாயம்தான். நான்கு நாளில் பிள்ளை புட்டிக்குப் பழகிவிட்டாள், அதற்குப் பிறகு என்னிடம் வாய் வைக்கவில்லை. ஒரு மதியம் குளிப்பாட்ட நானே தூக்கினேன். பத்து விரலும் அவள் விலாவில் பதிந்தன, பிடி நழுவவில்லை. அவள் முதுகை வளைத்து, மாமியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

கொடுத்துவிட்டேன். அன்றும் நான் நோன்பாகத்தான் இருந்தேன்.