புல் ஓடுபாதையில் கடைசிச் சனிக்கிழமை

சுவிஸ், 2014 செப்டம்பர். காலை ஏழு மணிக்கு இன்டர்லாக்கனில் ரயில் ஏறினேன். பேர்ணில் மாறி லாங்கன்தாலில் இறங்க ஒன்பதாகிவிட்டது. நான் சமையல் வேலை செய்யும் ஹோட்டல் குசினியில் சனிக்கிழமை லீவு இலேசில் கிடைக்காது. செத்தவீடு என்று சொல்லித்தான் வாங்கினேன். முழுப் பொய்யும் இல்லை.

பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம், பிறகு மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஒரு கிலோமீற்றர் நடை. ஐந்நூறு மீற்றர் புல்தரை, ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய். விமானத்தளம் என்றால் அவ்வளவுதான். நிலத்தின் சொந்தக்காரரான விவசாயி காலமாகிவிட்டார். பிள்ளைகள் சோளம் போடப்போகிறார்கள். இன்று பகலோடு தளம் மூடப்படுகிறது.

கணேசண்ணை புல்வெட்டும் மெஷினில் இருந்தார். சுவிஸுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். கிழமை நாட்களில் ஃபேக்டரி. சனிக்கிழமைகளில், பன்னிரண்டு வருடமாக, இந்தப் புல். ஆனால் இங்கிருந்து ஒருநாளும் பறந்ததில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்து பழகிய உடம்பு.

"நாளைக்கு உழப்போற நிலத்தை ஏன் அண்ணை வெட்டுறியள்?"

"கடைசிப் பிளேன் ஏறேக்கை புல்லுத் தடக்கக்கூடாதெல்லோ."

மிஞ்சி நின்றது ஓய்வுபெற்ற ஆசிரியர் பேத்தரின் இரண்டு இருக்கை விமானம் மட்டும். அவர் வருடா வருடம் அண்ணையைக் கூப்பிடுவார், அண்ணை அடுத்த வருடம் என்று நழுவுவார். இன்றும் கூப்பிட்டார். அண்ணை கையைக் காற்சட்டையில் துடைத்தார். சுற்றிவிட்டு இங்கேயே இறங்கலாமா என்று டொச் மொழியில் கேட்டார். இறங்கும் அனுமதி நேற்றோடு முடிந்தது, இன்று கிளம்ப மட்டும்தான் அனுமதி, இனிக் கிரென்ஹென் விமானநிலையத்தின் தார்ப் பாதையில்தான் இறங்கலாம் என்றார் பேத்தர்.

அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

"நான் வெட்டின புல்லிலை ஒருக்கா வந்திறங்க வேணுமெண்டுதானடா ஆசை" என்றார் என்னிடம். பிறகு, "சரி, போறன். நீ ஸ்டேஷனிலை நில்" என்று ஏறிவிட்டார்.

பதினொன்றரைக்கு விமானம் எழும்பி, தளத்தை ஒருதரம் சுற்றி, மேற்கே போனது. விவசாயியின் மகன் மெஷினை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். வெறுந்தரையில் நான் மட்டும் நின்றேன். கொஞ்சம் அழுதேன்.

மூன்று மணிக்கு அண்ணை லாங்கன்தாலுக்கு ரயிலில் வந்து இறங்கினார்.

"பயந்தனீங்களோ?"

"முதல் கண்ணை மூடிக்கொண்டிருந்தனான். பிறகு கீழை பாத்தன்." பஸ் நிற்கும் பக்கம் பார்த்தார். "காட்டுப்பக்கமா ஒரு துண்டு வெட்டாமல் விட்டிட்டனடா. மேலையிருந்து பாக்க வடிவாத் தெரியுது. நாலரைக்கு பஸ் இருக்கு, போய் வெட்டிப்போட்டு வருவமோ?"

"மெஷினைக் கொண்டுபோயிட்டினம் அண்ணை."

"ஓம், ஓம்" என்றார்.

என் ரயில் வந்தது. கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். அண்ணை தளத்துக்குப் போகும் பஸ் நிற்கும் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.