சோலார் அதிகாரிக்கு அப்பா போட்ட மாலை

செமினியில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூடியபின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து எங்களை மலிவு வீடுகளுக்கு மாற்றினார்கள். தோட்டம் மூடினாலும் செம்பனைக்குக் கீழே புல் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அப்பா அங்கே மாடு மேய்த்தார். நிலம் எங்களுடையது அல்ல. யாரும் தடுக்கவில்லை, மேய்த்தோம். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். அந்தப் பால்தான் என்னைப் படிக்க வைத்தது.

அந்த நிலம் முழுக்க சோலார் தகடு வரப்போகிறது என்றார்கள். மாட்டுக்காரர்கள் கூடினார்கள். ஓரமாகக் கொஞ்சம் மேய்ச்சல் நிலம் விட்டால் போதும் என்பதே கோரிக்கை. பேச என்னை முன்னால் தள்ளினார்கள்.

கம்பெனி அதிகாரி கோயில் மண்டபத்துக்கு வருவதாகச் சொன்னதும், அப்பா என்னை பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் மாலையும் பொன்னாடையும் வாங்கி வரச் சொன்னார்.

"எதுக்குப்பா? முழுசா எடுக்க வேணாம்னு சொல்லத்தானே கூப்புடுறோம்?"

"சண்டைக்காரனா இருந்தாலும் நம்ம எடத்துக்கு வரான். வெறுங்கழுத்தோட அனுப்புனா நமக்குத்தான் அசிங்கம். படிச்சவன் பேசுற பேச்சா இது?"

எங்கள் பக்கம் அப்படித்தான். பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலும் மேடைக்கு வந்தவர் கழுத்தில் மாலை விழாமல் மைக் திறக்காது.

அதிகாரி தமிழர், சின்ன வயது. குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். கூட வந்தவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் பேசி முடித்ததும் அதிகாரி வடையை வைத்துவிட்டு, "அங்கிள், கவலப்படாதீங்க லா, மேல பேசுறேன்" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

அடுத்த கூட்டம் காஜாங்கில், அரசு அலுவலகத்தில். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்களா என்று கூட்டத் தலைவர் மலாயில் கேட்டார். அதிகாரி பதில் சொல்லாமல் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். அப்பா எக்கி நின்று மாலை போடுகிறார். பின்னால் நாங்கள் பல்லைக் காட்டிக் கைதட்டுகிறோம். அறை முழுக்கச் சிரிப்பு.

நான் எழுந்தேன். "அது மரியாதை. சம்மதம் அல்ல."

"மாலை போட்டது யார்?" என்றார் தலைவர்.

பின்வரிசையில் அப்பா எழுந்து, "நான்தான்" என்றார்.

"அப்புறம் என்ன?" என்று தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

வாசலில் பக்கத்து வீட்டு மாட்டுக்காரர் காத்திருந்தார். "பாத பூஜைய மட்டும் விட்டுட்டீங்களேண்ணே."

வேலி எழுந்தது. கிள்ளான் வியாபாரி எங்கள் மாடுகளை லோரியில் ஏற்றினார். எங்கே போகின்றன என்று அப்பா கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஒரு பசுவை வீட்டுப் பின்னால் கட்டி வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அதிகாரி போன் செய்தார். "அங்கிள், உங்கள மறக்கல. தகடு கீழ புல்லு மண்டிப்போச்சு. வெட்டுறதுக்கு ஆள் வேணும்."

அப்பா போனார். மாடுகள் மேய்ந்த புல்லை மிஷினால் வெட்டி மூட்டை கட்டினார். மூட்டைகளைக் குப்பை லோரி எடுத்துப்போகும்.

ஒரு மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். வேலிக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். "ஒரு மூட்ட கொடுங்கண்ணே. மாடு பட்டினி கெடக்கு. குப்பைக்குத்தானே போவுது?"

"உள்ள உள்ளது வெளிய போகக்கூடாது. ரூல்ஸ்."

"எனக்கே ரூல்ஸா?"

அப்பா நெற்றியைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "பிரிக்பீல்ட்ஸ் போயி நல்லதா ஒரு மாலை வாங்கிட்டு வா. அதிகாரிகிட்ட கேட்டுப் பாக்குறேன்."

சொல்லிவிட்டு மிஷின் கயிற்றை இழுத்தார்.