அக்காவுக்குப் புரியாத பேரம்

மலாக்காவுக்குக் குடிவந்தபோது எனக்கு மலாய் சரியாக வராது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கணவர் நகராண்மை ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கல்யாணமான கையோடு காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். மெர்டேக்காவுக்கு, நாட்டின் சுதந்திரத்துக்கு, இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறித் தமிழை மறந்துவிட்ட செட்டிகளின் குடியிருப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். நெற்றியில் திருநீறு, வீட்டில் சாமி படம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவார். அவர்கள் பேச்சில் மிஞ்சியிருந்த சில தமிழ்ச் சொற்களில் 'அக்கா'வும் ஒன்று என்பதால் நான் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

முதல் ஆறு மாதம் பசாரில் எனக்கு வாய் அவர்தான். மீன்காரனிடம் நான் விரலால் காட்டுவேன். அக்கா விலை பேசுவார். கர்ப்பமாகிப் படுத்துக் கிடந்தபோது அவரே வாங்கி வந்து வேலிக்கு மேலே நீட்டுவார். மீன் பொட்டலத்தோடு மீதிச் சில்லறையும் இருக்கும். ஒருநாள் மத்தியானம் வெயிலில் திரும்பவும் வந்து நின்றார். "காலையில அஞ்சு காசு கொறைச்சுக் கொடுத்திருக்கேன், மறந்துட்டேன்" என்று மலாயில் சொல்லி, அந்த ஐந்து காசை என் கையில் வைத்துவிட்டுப் போனார். பிற்பாடு என்னை வாட்டியது அந்த ஐந்து காசுதான்.

எனக்குக் கைவந்த இடம் ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெரு. அங்கே துணிக்கடைகளில் தமிழ் செல்லும். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். போணி ஆகாமல் யாரையும் அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. பிடித்த சேலையை முதலில் தொடக் கூடாது. பிடிக்காத ஒன்றை விரித்துப் பார்த்து, அதன் விலையைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டும். கடைக்காரர் இரண்டாம் முறை இறங்கிய பிறகுதான் கிளம்புவது போலச் செருப்பைத் தேட வேண்டும். மரியாதையும் முக்கியம். சரக்கை மட்டமாகப் பேசினால் அவர் மனம் விட்டுப்போகும். "நல்லாத்தான் இருக்கு அண்ணே, எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று சொன்னால் இறங்குவார். இதெல்லாம் எனக்குத் தானாக வந்தது. கணவரின் ஆபீஸ்காரர்கள் வீட்டுப் பெண்கள்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுச் சேலை எடுக்க வேண்டும். "சாரோங்னா நான் தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன். பட்டு எனக்குத் தெரியாது. நீ கூட வா" என்றார். இத்தனை நாள் எனக்குச் செய்தவருக்கு நான் செய்ய ஒரு வேளை வந்ததே என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலையில் நாங்கள்தான் முதல். கடை முதலாளி என்னைத் தெரிந்தவர். பாயை விரித்து, அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டார். அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு அக்காவுக்குப் பிடித்துவிட்டது. மறைக்கத் தெரியாமல் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். விலை எண்பது வெள்ளி என்றார் முதலாளி. நான் ஆரம்பித்தேன். எழுபத்தைந்துக்கு வந்தார், எழுபதுக்கு வந்தார். அறுபது வரை வருவார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது என் கண் பக்கத்தில் கிடந்த மயில்கழுத்து நிறச் சேலைமேல் போய்விட்டது. ஓரமாகத் தொட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வெள்ளிச் சேலை. என்னால் வாங்க முடியாதது.

முதலாளி அதைக் கவனித்துவிட்டார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "தங்கச்சி, அந்தம்மாவுக்குச் சேலை புடிச்சுப் போச்சு. எழுபதுக்கே சந்தோஷமா வாங்கிக்குவாங்க. அதை அப்படியே விட்டுருங்க. இந்த மயில்கழுத்தை உங்களுக்கு இருபத்தெட்டுக்குப் போட்டுடறேன்."

"அது எப்படி அண்ணே?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரிக்காமல் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார்.

"எப்படின்னா? ரெண்டு பேருக்கும் லாபம். எனக்கும் போணி."

அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாரு?" என்று மலாயில் கேட்டார்.

"இதுக்கு மேல கொறைக்க முடியாதாம் அக்கா" என்றேன். அப்போதைக்கு அவ்வளவு மலாய் எனக்கு வந்திருந்தது.

"தாப்பா, தாப்பா. எண்பதுல பத்து வெள்ளி கொறைச்சிட்டியே, போதும்" என்று பரவாயில்லை என்பது போலக் கையசைத்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். நானும் என்னிடமிருந்த இருபத்தெட்டு வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதச் செலவுக்கென்று கணவர் தந்திருந்த பணம் அது. வரும்போது திரிஷா வண்டிக்காரனுக்கு அக்காவே காசு கொடுத்தார். "எனக்காக எவ்வளவு பேசினே, தொண்டை வறண்டிருக்கும்" என்று வழியில் கரும்புச்சாறும் வாங்கித் தந்தார். குடித்தேன்.

கணவரிடம் சேலையைக் காட்டி விலையைச் சொன்னதும், "இருபத்தெட்டுக்கா? கெட்டிக்காரிதான்" என்றார். உள்ளே போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அக்கா ஊரெல்லாம் என் புகழ் பாடிவிட்டார். பத்து நாளில் அவருடைய நாத்தனார் வந்து நின்றார். அவருக்கும் கல்யாணத்துக்கு ஒரு பட்டு வேண்டும். மறுக்கக் காரணம் சொல்லத் தெரியவில்லை. கூட்டிப் போனேன்.

முதலாளி என்னைப் பார்த்ததும், நான் எதுவும் கேட்காமலே, ஒரு ரவிக்கைத் துண்டை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார். "போன தடவை மாதிரிதானே தங்கச்சி?"

துண்டை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். பேரம் பேசத் தெரிந்தவள் என்றுதான் என்னை நான் நினைத்திருந்தேன். அவரோ என்னை ஆள் பிடித்து வரும் தரகராக எடுத்துக்கொண்டுவிட்டார். "வேணாம் அண்ணே. எனக்கு ஒண்ணும் வேணாம். இவங்களுக்கு நியாயமான விலை சொல்லுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அன்று விடாமல் பேசினேன். அதே தரம், அதே அகலச் சரிகை, நிறம் மட்டும் பச்சை. எண்பதில் தொடங்கி ஐம்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். செய்த தவற்றைச் சரிக்கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அக்கா வேலியைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். நன்றாக உடுத்தியிருந்தார், கையில் குடை. "புறப்படு" என்றார்.

"எங்கக்கா?"

"அந்தத் துணிக்கடைக்கு. அவன் உன்னை ஏமாத்திட்டான். அதே பட்டு, அவளுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு எழுபதா? நீ அவ்வளவு நேரம் பேசினியே! சின்னப் பொண்ணுன்னு உன்னை ஏமாத்தியிருக்கான். வா, நான் கேக்கறேன். எனக்குத் தமிழ் தெரியாட்டிப் போகுது, அவனுக்கு மலாய் தெரியுமில்லே?"

அவர் கோபமெல்லாம் எனக்காக. தனக்குப் போன காசைப் பற்றி அவர் முகத்தில் ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து மயில்கழுத்துச் சேலையை எடுத்து வந்து நாற்காலிமேல் வைத்தேன். தெரிந்த மலாயில், திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். 'ஏமாற்றினேன்' என்பதற்கு மலாய்ச் சொல் வாயில் வராமல் நின்றேன். அவரே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பிறகுதான் அது தனக்குச் செய்யப்பட்டது என்று அவருக்கு உறைத்தது போலிருந்தது.

சேலையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதேயா?"

"ஆமாக்கா."

"நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேனே."

அழுதேன். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. அரிசிப் பானையில் சேர்த்து வைத்திருந்த பத்து வெள்ளியை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வாங்கிக்கொண்டார். "இது என்னோடது" என்று மட்டும் சொல்லி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு, குடையை விரித்து நடந்து போனார்.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவாரோ மாட்டாரோ என்று இருந்தேன். முறையாக வந்து கூப்பிட்டார். பழைய வாயில் துணிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். மணப்பெண் அந்த அரக்குச் சிவப்பில் உட்கார்ந்திருந்தாள். போய் உட்கார்ந்ததும் நாத்தனார் பக்கத்தில் வந்து, சுற்றியிருந்த பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "கடைக்காரன் தப்பா விலை போட்டுட்டானாமே! நீ தனியாப் போய்ச் சண்டை போட்டுப் பத்து வெள்ளியைத் திரும்ப வாங்கிட்டு வந்தியாம். அண்ணி சொன்னாங்க. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல?"

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா இரண்டடி தள்ளி வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தார். நிச்சயம் கேட்டிருக்கும். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வரிசைக்குத் தட்டை நீட்டினார்.

அது அப்படியில்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வார்த்தை தெரியாது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அந்தச் சொல்லை அவரேதான் எனக்குக் கொடுத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு கிழவி என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏமாந்தேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அதன்பின் வேலியோரம் முன்போலவே பேசினார், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வந்து பார்த்தார். ஆனால் எந்தக் கடைக்கும் என்னைக் கூப்பிடவில்லை. மூன்று வருடம் கழித்து நாங்கள் உஜோங் பாசிருக்கு வீடு மாறினோம்.

மயில்கழுத்துச் சேலையை நான் ஒருநாளும் கட்டவில்லை. ஒரு மழைக்காலத்தில் பெட்டியிலேயே பூஞ்சை பிடித்துப்போனது. கணவர்தான் ரொம்ப வருத்தப்பட்டார். நல்ல சேலை, அவ்வளவு மலிவாக வேறெங்கே கிடைக்கும் என்றார்.